சத்தம் சமனான ஞாயிறு

அத்தியாயம் 12

வெள்ளிக்கிழமை மூண்ட சண்டை ஞாயிற்றுக்கிழமை காலைவரை ஆறவில்லை.

சண்டைக்குக் காரணம் மதுக்கரை வீட்டின் கூடத்தில் இருந்த கம்ப்யூட்டர். கௌதமன் மெஷின் ரிப்பேர் பார்க்கும் பம்ப் கம்பெனியில் பழையதென்று கழித்துப்போட்டதை அவன் வீட்டுக்குக் கொண்டுவந்து, டிவியோடு ஒரு ஒயரில் இணைத்து, இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் பெட்டி வைத்திருந்தான். படம், பாட்டு, மகள் யுவஸ்ரீ குப்புற விழுந்த முதல் நாள் எல்லாம் அதற்குள்தான். ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தம். படத்தில் பேச்சு முணுமுணுக்கும். பாட்டு வந்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். நடுவில் விளம்பரம் வந்தால் கேட்கவே வேண்டாம், ஆளைத் தூக்கிப்போடும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அதுதான் நடந்தது. பேச்சு கேட்கவில்லையென்று கௌதமனின் மனைவி இளவேனில் சத்தத்தைக் கூட்டிவைத்தாள். சட்டென்று சண்டைக் காட்சி வந்து, அப்போதுதான் கண்ணயர்ந்த பத்து மாதக் குழந்தை வீறிட்டது. சமையலறையிலிருந்து மாமியார் ராமாமணி மூன்று முறை கூப்பிட்டும் இளவேனில் திரும்பவில்லை. நான்காம் முறை வாசற்படிக்கே வந்து நின்று ராமாமணி கத்தினாள்.

"செவிடியாட்ட உக்காந்துருக்கறா பாரு! கூப்புட்டா ஏன்னு கேக்கறதுக்குக்கூட வாய் வராது."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிணத்துக்கடவில் இருக்கும் தம்பி கண்ணையா வீட்டுக்குப் போய்விடுவதென்று ராமாமணி அன்றைக்கே முடிவு செய்தாள். நாலு சேலையை மடித்துப் பையில் வைத்தும் விட்டாள். இன்னும் பத்து நாளில் இளவேனில் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசை வேலைக்குத் திரும்பவேண்டும். மாமியார் இல்லையென்றால் குழந்தையை யாரிடம் விடுவது?

ஆகவே ஞாயிறு விடிந்ததும் கௌதமன் கம்ப்யூட்டரின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"அம்மா, சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க. இந்தச் சத்தத்தை நான் ஒரு வழி பண்ணிப்போடறேன்."

"நீ கொறைச்சு வெப்ப. உன்ர பொண்டாட்டி கூட்டி வெப்பா. நீ சும்மா கெட."

"கொறைக்கறதில்லீங்மா. சமம் பண்றது."

ராமாமணி நம்பாமல் பார்த்தாள். ஆனாலும் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். மகன் எதையாவது பிரித்து மேய்வதைப் பார்ப்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும்.

"இந்தப் படத்துக்காரங்க அஞ்சு ஸ்பீக்கருக்குப் பிரிச்சுச் சத்தம் வெச்சிருக்காங்க. நம்மகிட்ட இருக்கறது ரெண்டு. நடு ஸ்பீக்கர்ல வரவேண்டிய பேச்சு இங்க அமுங்கிப்போகுது. அதை மேல தூக்கோணும். பாட்டையும் சண்டையையும் கீழ அமுக்கோணும்."

"அப்பறம் பாட்டே கேக்காதே?"

"கேக்கும். எல்லாம் ஒரே மட்டத்துல கேக்கும்."

பாட்டுகளுக்கு வேறு வைத்தியம். ஆயிரத்து முன்னூறு பாட்டையும் கம்ப்யூட்டரே ஒவ்வொன்றாக அளந்து, எது எவ்வளவு சத்தம் என்று குறித்துக்கொண்டது. பாட்டில் கைவைக்காமல், போடும்போது மட்டும் தானாகக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். அந்த வேலை முடியும்வரை பச்சைக் கோடு ஒன்று திரையில் மெதுவாக நகர்ந்தது. கௌதமன் அதன் முன்னாலேயே இட்லி சாப்பிட்டான்.

பதினோரு மணிக்குச் சோதனை. அம்மா கட்டிலில். அவன் தரையில். இளவேனில் சமையலறை நிலைப்படியில், கையில் உரித்த வெங்காயத்தோடு. சத்தம் இருபதில் நின்றது. படத்தில் இரண்டு பேர் பேசினார்கள். பிறகு பாட்டு வந்தது. பிறகு ஒரு லாரி வெடித்தது. ஜன்னல் கண்ணாடி சும்மா இருந்தது. தொட்டிலில் யுவஸ்ரீ அசையக்கூட இல்லை.

"அட, இப்பத்தான் காதுக்கு எதமா இருக்குது!" என்றாள் ராமாமணி. இரண்டு நாளில் அவள் சிரித்தது அப்போதுதான்.

கௌதமன் திரும்பினான். "இளவேனி, உனக்கு?"

"செரியா இருக்குதுங்க."

அவள் சொன்னது பொய். பேச்சிலே ஒரு வார்த்தைகூட அவளுக்குக் கேட்கவில்லை.

யுவஸ்ரீ வயிற்றில் இருந்தபோது ஆரம்பித்தது. முதலில் ஃபேன் சத்தம் காணாமல் போனது. அப்புறம் குக்கர் விசில் தூரமாயிற்று. பிரசவத்துக்குப் பின்பு பின்னாலிருந்து கூப்பிடும் குரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. அவள் உதடுகளைப் படிக்கப் பழகினாள். டிவியில் உரத்த இடங்களைப் பிடித்துக்கொண்டு மற்றதை ஊகித்துக்கொண்டாள். பாட்டு வந்தால் பாட்டென்று தெரியும், வெடித்தால் சண்டையென்று தெரியும். கௌதமன் எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கிய பிறகு பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லை. வீட்டில் எல்லோருக்கும் சுகமாகிவிட்ட அந்தச் சத்தத்தில், அவளுக்கு மட்டும் டிவி ஊமையாகிவிட்டது.

வேலை முடிந்த சந்தோஷத்தில் மூவரும் ஒரு நகைச்சுவைக் காட்சி பார்த்தார்கள். மாப்பிள்ளையும் மாமனாரும் ஏதோ வாய்ச்சண்டை போட்டார்கள். ராமாமணி சிரித்தாள், கௌதமன் சிரித்தான். அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு இளவேனிலும் சிரித்தாள்.

ராமாமணியின் கண்ணில் அது பட்டது. இவள் எதற்கு டிவியை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள்?

கௌதமன் கறி வாங்க பைக்கை எடுத்துக்கொண்டு போனான். ராமாமணி குழந்தையை எண்ணெய் தேய்த்துக் குளிக்கவைக்கப் பின்பக்கம் கொண்டுபோனாள். நாலு சொம்பு ஊற்றிய பிறகுதான் துண்டை மறந்தது தெரிந்தது.

"அம்மணி, துண்டு எடுத்துட்டு வா."

பதில் இல்லை.

"இளவேனி! கொழந்தைக்குக் குளுருது, துண்டு கொண்டா!"

டிவி சத்தமும் பெரிதாக இல்லை. எண்ணெய்ப் பிசுக்கில் குழந்தை கையில் நிற்காமல் வழுக்கியது. ராமாமணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இன்றைக்கு இரண்டில் ஒன்று கேட்டுவிடுவதென்று குழந்தையை ஈரத்தோடு மார்பில் அணைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

இளவேனில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். திரையில் யுவஸ்ரீயின் முகம். பத்து நாளுக்கு முன், இளவேனில் கடைக்குப் போயிருந்தபோது கௌதமன் போனில் எடுத்தது. குழந்தை முதல்முறையாக "ம்மா" என்ற காட்சி. வீட்டில் எல்லோரும் பார்த்தார்கள், தெருவில் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள். இளவேனில் அந்தக் காட்சியை முதலிலிருந்து ஓடவிட்டு, காதை ஸ்பீக்கர் பெட்டியோடு அழுத்திவைத்திருந்தாள். முடிந்ததும் மறுபடி ஓடவிட்டாள். இந்த முறை மறுகாதை அழுத்தினாள்.

"கண்ணு," என்றாள் ராமாமணி.

இளவேனில் திரும்பவில்லை.

ஓரடி கிட்டப் போனாள். "கண்ணு, இளவேனி."

முதுகு அப்படியே இருந்தது. குழந்தையின் காலிலிருந்து சொட்டிய தண்ணீர் தோளில் விழுந்ததும்தான் அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவசரமாக எழுந்து, "துண்டுங்களா அத்தை? இதா எடுத்துட்டு வாரேன்," என்று ஓடினாள்.

ராமாமணி நின்ற இடத்திலேயே நின்றாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் சேர்த்துவைத்திருந்த கோபங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து, ஒவ்வொன்றும் வேறாகத் தெரிந்தன. கூப்பிட்டதற்குப் பதில் சொல்லாத நாட்கள், மெல்லிய குரலில் யாருக்கும் கேட்காதமாதிரி பேசுவது, விருந்தாளி வந்தால் உள்ளே போய்விடுவது. திமிர் என்றுதான் நினைத்திருந்தாள்.

இளவேனில் துண்டோடு வந்தாள். ராமாமணி தரையில் உட்கார்ந்து, அவளையும் தனக்கு நேர் எதிரே உட்காரவைத்தாள்.

"எத்தன நாளா உனக்குக் காது கேக்கலை?"

 இளவேனில் மறுக்கப் பார்த்தாள். பிறகு குழந்தையின் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்.

"இவ வயித்துல இருக்கறப்பவே கொஞ்சங்கொஞ்சமா ஆரம்பிச்சுதுங்க. பொறந்ததுக்கப்பறம் நெம்பக் கொறைஞ்சுபோச்சு."

"ஏன் அம்மணி யாருகிட்டயும் சொல்லலை?"

"எங்கம்மாவை நீங்க கல்யாணத்துல பாத்தீங்கல்ல?"

ராமாமணிக்கு நினைவிருந்தது. சோமனூரிலிருந்து வந்த சம்பந்தியம்மா சின்னாத்தாள். மண்டபத்தில் ஒரு மூலையில் யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருந்தவள். 'பவுசைப் பாரு' என்று அன்றைக்கு ராமாமணியும்தான் சொன்னாள்.

"அவங்களுக்கு என்னைப் பெத்ததுல இருந்தே காது கேக்காதுங்க. தறிச் சத்தத்துல போச்சுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. அப்பா கூப்புட்டுக் கேக்கலைன்னா கையில கெடைச்சதை எறிவாரு. பேரைச் சொல்லிக் கூப்புட்டதே இல்லீங்க. செவிடிதான். நான் இஸ்கூல் விட்டு வந்து அம்மா எங்கன்னு கேட்டா, பக்கத்தூட்டுல இருக்கறவங்க கூட, செவிடி தறிக்குள்ள இருக்கறான்னுதான் சொல்லுவாங்க."



"வெள்ளிக்கெழம நானும் அதத்தான சொன்னேன்."

"ஆமாங்க."

"உனக்குத்தான் கேக்காதே?"

"கேக்கலைங்க அத்தை. நிமிந்து பாத்தேன். மத்த வார்த்தையெல்லாம் தப்பிப்போகும். அந்த ஒண்ணை யாரு எப்படிச் சொன்னாலும் எனக்கு வாயசைவுல தெரிஞ்சுபோகும்."

 ராமாமணி ஈரமான கையால் மருமகளின் முகத்தைத் துடைத்தாள். துடைத்ததில் முகம் இன்னும் ஈரமாயிற்று.

"இந்த வாயில மண்ணுதான் விழோணும். சாமி சத்தியமா இனி அது என்ர வாயில வராது கண்ணு."

"அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க அத்தை. வேலைக்குப் போய் ஒரு மாசம் ஆகட்டும். அப்பறம் நானே…"

"நான் சொல்லமாட்டேன். நீதான் சொல்லோணும். இன்னைக்கே சொல்லோணும். நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

ராமாமணி வாசல் பக்கம் திரும்பினாள். அவள் திரும்பியதைப் பார்த்துத்தான் கௌதமனின் பைக் வந்துவிட்டது இளவேனிலுக்குத் தெரிந்தது.

கறிப் பையோடு உள்ளே வந்தவன், மூவரும் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பயந்துபோனான். குழந்தைக்கு என்னவோ ஆகிவிட்டதென்று நினைத்தான். இளவேனில் சொல்லச் சொல்ல, பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றான்.

"எனக்குத் தெரியாம ஒண்ணரை வருஷம் எப்படி இளவேனி?"

"உங்க மொகத்தைப் பாத்தா எனக்குப் புரியுமுங்க. மீசையை மட்டும் கொஞ்சம் சின்னதா வெட்டுனீங்கன்னா இன்னும் நல்லாப் புரியும்."

ராமாமணிக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்தது. கௌதமன் சிரிக்கவில்லை. வேறெதையோ யோசித்தான்.

"அப்ப, லைட்டை அணைச்சதுக்கு அப்பறம் நான் பேசுனதெல்லாம்?"

இளவேனில் தலையசைத்தாள். "இருட்டுல உங்க வாய் தெரியாதுங்களே."

கௌதமன் மெதுவாகச் சுவரோரம் உட்கார்ந்தான். கூச்சக்காரன் அவன். முக்கியமானதையெல்லாம் விளக்கை அணைத்துவிட்டுத்தான் சொல்லுவான். பகலில் அவனுக்கு வார்த்தை வராது.

"உனக்கு எட்டாம் மாசம் இருக்கறப்ப ஒண்ணு கேட்டேன். அம்மா ஊர்ல தனியாக் கெடக்குது, இங்க கூட்டிட்டு வந்து நம்ம கூடயே வெச்சுக்கலாமான்னு. நீ பதிலே சொல்லலை. உனக்குப் பிடிக்கலைன்னு நெனச்சுட்டேன். பிடிக்காத பொண்டாட்டிகிட்ட அம்மாவைக் கொண்டாந்து விட்டுட்டமேன்னு இத்தன நாளும் எனக்கு…"



"நீங்க கேட்டதே எனக்குத் தெரியாதுங்க," என்றாள் இளவேனில். "அத்தை ஒருநாள் பொட்டி படுக்கையோட வந்து எறங்குனாங்க. ஏனுங்க, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையேன்னு எனக்கும் வருத்தம்தான். கேட்டது தெரிஞ்சிருந்தா நெஞ்சாரச் சரின்னுருப்பனுங்களே."

ராமாமணி இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"ஏன்டா, அதுதான் வந்த நாள்ல இருந்து என்னை விருந்தாளியாட்டம் ஒக்கார வெச்சுப் பதுங்கிப் பதுங்கி நடந்தியா? நான் இவ மேல கோவிச்சுக்கிட்டு, இவ உன்ர மேல வருத்தப்பட்டு, நீ எங்க ரெண்டு பேருக்கும் பயந்துக்கிட்டு! நல்லாக் குடும்பம் நடத்துனோம் போ!"

எழுந்து உள்ளே போனாள். பையிலிருந்து நாலு சேலையும் எடுத்து அலமாரியில் வைக்கும் சத்தம் கௌதமனுக்குக் கேட்டது.

அவன் கம்ப்யூட்டரின் முன்னால் நகர்ந்தான். காலையில் செய்ததை மாற்றவில்லை. அம்மாவுக்கும் குழந்தைக்கும் பெட்டியின் சத்தம் இருபதிலேயே இருந்தது. தன் ஹெட்போனை எடுத்துக் கம்ப்யூட்டரோடு சேர்த்து, அதற்கு மட்டும் தனியாகச் சத்தம் கூட்ட வழி செய்தான். பேச்சை மட்டும் இன்னும் தூக்கினான். இளவேனில் தலையில் அதைப் பொருத்திவிட்டு, யுவஸ்ரீயின் காட்சியைப் போட்டான்.

"கேக்குதா?"

இல்லையென்று தலையசைத்தாள். கூட்டினான். மறுபடி இல்லை. இன்னும் கூட்டினான். அவன் விரல் நகர்வதையே ராமாமணி மூச்சுவிடாமல் பார்த்தாள்.

இளவேனிலின் முகம் மாறியது.

"'ம்மா'ங்கறா," என்றாள். "அத்தை, 'ம்மா'ங்கறா!"

அதையே ஏழு தடவை போடச் சொன்னாள். நிஜக் குழந்தை அவள் மடியில் உட்கார்ந்து ஹெட்போன் ஒயரைக் கடித்துக்கொண்டிருந்தது.

சமைத்த கறியை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. உக்கடத்தில் ஞாயிறு சாயங்காலமும் பார்க்கிற காது டாக்டர் ஒருவர் இருப்பதாக கௌதமன் போனில் தேடிக் கண்டுபிடித்தான். நாலு மணிக்கு நாலு பேரும் பஸ் ஏறினார்கள்.

பஸ் இரைச்சலில் ராமாமணி எட்டு வீடு தள்ளி இருப்பவளின் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். இளவேனில் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். குனியமுத்தூர் தாண்டிய பிறகுதான் ராமாமணிக்கு அது உறைத்தது.

"ஏங் கண்ணு, இப்ப எப்படிக் கேக்குது?"

"பஸ்ஸுக்குள்ள எனக்கு நல்லாக் கேக்குமுங்க. ஏன்னு தெரியலை."

டாக்டர் ரூபினாவுக்கு நாற்பது வயதிருக்கும். காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார். இரண்டு கிளை உள்ள ஒரு சின்ன இரும்புக் கவையைத் தட்டி, ரீங்காரம் கேட்கிறதா என்று காதருகில் பிடித்தார். இளவேனில் உதட்டைப் பிதுக்கினாள். அதே கவையின் அடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார்.

"இப்போ?"

"நல்லாக் கேக்குதுங்க!"

பிறகு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். அரை மணி நேரம் ஆயிற்று. டாக்டர் தாளில் இருந்த கோடுகளைப் பார்த்துவிட்டு, இளவேனிலுக்கு முகம் தெரியும்படி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"காது நரம்பு நல்லா இருக்கும்மா. உள்ளே ஒரு அரிசியைவிடச் சின்ன எலும்பு இருக்கு. சத்தம் வந்தா அது அசையணும். உங்களுக்கு அது இறுகிப்போயிருக்குன்னு நினைக்கிறேன். கர்ப்ப காலத்துல சிலருக்கு இது அதிகமாகும். ஸ்கேன் பார்த்து உறுதி பண்ணிக்கலாம். மெஷின் வெச்சாலும் கேக்கும். ஆபரேஷனுக்கும் வழியிருக்கு."

"வேலைக்குப் போலாமுங்களா?"

"தாராளமா. மெஷினோட போங்க. அதுல ஒளிக்க என்ன இருக்கு? நான் கண்ணாடி போட்டிருக்கேனே."

 டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார். "வீட்ல வேற யாருக்காவது இப்படி இருக்கா? இது சில குடும்பங்கள்ல வரும்."

இளவேனில் குழந்தையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "எங்கம்மாவுக்குங்க. ஆனா அது தறிச் சத்தத்துல போனதுங்க."

"எப்போ ஆரம்பிச்சது?"

"நான் பொறந்தப்பங்க."

டாக்டரின் பேனா நின்றது.

"தறி ஓடறப்போ பக்கத்துல யாராவது பேசினா, அம்மாவுக்குக் கேக்குமா?"

"கேக்குமுங்க! அதுதான் எங்கப்பா இன்னும் கோவிச்சுக்குவாரு. தறிக்குள்ள நின்னா எல்லாம் கேக்குது, ஊட்டுக்குள்ள வந்தாத்தான் செவிடாட்டம் நடிக்கறான்னு."

"உங்களுக்கு பஸ்ல கேக்குதுன்னு சொன்னீங்களே. இந்தக் கோளாறு உள்ள நிறையப் பேருக்கு இரைச்சல்ல பேச்சு நல்லாக் கேக்கும். நடிப்பு இல்லைம்மா." டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "பார்க்காம நான் எதையும் சொல்லக்கூடாது. தறியிலயும் கொஞ்சம் கெட்டிருக்கலாம். ஆனா அவங்களை ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. இத்தனை வருஷம் ஆனாலும் பரவாயில்லை."

இளவேனில் எழுந்து வெளியே வந்துவிட்டாள். படிக்கட்டில் நின்று அழுதாள். தனக்கு வந்ததற்காக இந்த ஒன்றரை வருஷத்தில் அவள் இப்படி அழுததில்லை.

பஸ் நிலையத்துக்கு எதிரே, டீக்கடை ஓரமாக நின்று சோமனூருக்குப் போன் போட்டாள். சின்னாத்தாள் போன் எடுக்கமாட்டாள். அப்பா ஐயாசாமிதான் எடுத்தார். கௌதமன் ஸ்பீக்கரில் போட்டுச் சத்தத்தை முழுக்க வைத்தான்.

"அப்பா, அம்மாவை உக்கடத்துக்குக் கூட்டிட்டு வரோணும். காது டாக்டர் பாக்கோணும்ங்கறாங்க."

"எதுக்குக் கண்ணு?"

"அம்மாவுக்குக் காது கேக்க வெக்க முடியுமான்னு பாக்கறதுக்கு. அது தறியால போகலைப்பா. எனக்கும் அதேதான் வந்திருக்குது. அம்மா நடிக்கலைப்பா. ஒருநாளும் நடிக்கலை."

 ஒரு பஸ் வந்து, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

"அப்பா?"

"வேண்டாம் கண்ணு. விட்டுரு," என்றார் ஐயாசாமி. பிறகு குரலைத் தாழ்த்தி இன்னும் ஏதோ சொன்னார். போன் நின்றுவிட்டது.

"கடைசியா என்ன சொன்னாருங்க? எனக்குப் பிடிபடலை."

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட கௌதமனுக்கு வாய் வரை வந்தது. அவளுடைய கண்கள் தன் உதட்டின்மேல் நிற்பதைப் பார்த்தான். நேராக நின்றுகொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான்.

"'அவளுக்குக் காது வந்துச்சுன்னா மொதல்ல கேக்கறது என்ர கொரலாத்தான் இருக்கும். நான் அவகிட்ட என்னத்தப் பேசுவேன்'னாரு. அழுதாரு இளவேனி."

 அப்பா அழுது இளவேனில் பார்த்ததும் இல்லை, யார் சொல்லிக் கேட்டதும் இல்லை.

ராமாமணி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "சோமனூருக்கு எங்க பஸ் ஏறோணும்?"

"காந்திபுரம் போயி மாறோணும்," என்றான் கௌதமன். "இப்பவேவாம்மா? மணி ஏழாகப்போகுது. நாளைக்கு நான் லீவு சொல்லிட்டு…"

"நாளைக்கு வரைக்கும் அந்த மனுசனோட மனசு இப்படியே இருக்கும்னு யாரு கண்டா? நட. சம்பந்தியம்மாகிட்ட எனக்கும் பேச வேண்டியது இருக்குது."

காந்திபுரம் பஸ்ஸில் இளவேனிலுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சுற்றிலும் அத்தனை இரைச்சல். கண்டக்டர் பேசுவது, பின்சீட்டில் இரண்டு பெண்கள் பேசுவது எல்லாம் தெளிவாகக் கேட்டது. அவள் அப்பாவை நினைத்துக்கொண்டு வந்தாள். பிறகு அம்மாவை நினைத்தாள். டாக்டர் சொன்னதைச் சொல்லலாம், அப்பா அழுததைச் சொல்லலாம். ஆனால் இருபத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு அப்பாவின் அந்தக் குரலைக் கேட்க அம்மாவுக்கு விருப்பமா என்று இதுவரை அம்மாவிடம் யாருமே கேட்கவில்லை.